ஆடுகளமும் வகுப்பறையும்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பயனும் விலையும்

தமிழ்த்துறை மலரில் விளையாட்டைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வருகைப் பதிவேட்டைக் கையிலேந்தி ஒரு பருவமேனும் வகுப்பு நடத்தியவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள் தொடங்கியதும் கடைசி வரிசையில் இரண்டு மூன்று இடங்கள் வெறுமையாகும். உடற்கல்வி இயக்குநர் கையொப்பமிட்ட 'ஓ.டி.' தாள் வந்து சேரும். அத்தாளில் கண்ட பெயர்களுக்கு நேரே வருகை குறிக்கப்படும். சில நாளில் கோப்பையோடு திரும்புவார்கள். முதல்வர் அறையில் படம் எடுக்கப்படும். அப்படம் ஆண்டு மலரின் வண்ணப் பக்கத்தில் அச்சாகும். தேர்வு முடிவு வரும் நாளில் மட்டும் அப்பெயர்களை ஒருவரும் தேடுவதில்லை. இவ்வாறு வருகை குறித்து ஒதுங்கிக்கொண்ட ஆசிரியர்களுள் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இக்கட்டுரை எழுந்ததற்கு அதுவே காரணம்.

நம் பிள்ளைகள் விரும்பி ஆடும் ஆட்டங்களுள் இரண்டிற்குப் பிறந்த ஊரும் ஆண்டும் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் வெளியே ஆடவியலாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் 1891ஆம் ஆண்டு கூடைப்பந்தை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டை மாடத்தில் அறைந்து தொடங்கிய ஆட்டம் அது. நான்காண்டுகள் கழித்து, அருகிலுள்ள ஹோல்யோக் நகரில் வில்லியம் மார்கன் என்பவர் வாலிபால் என்று நாம் வழங்கும் கைப்பந்தை வகுத்தார். இவ்விரண்டும் தமிழகக் கல்லூரிகளில் வேரூன்றியதில், ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரும்பங்குண்டு. அங்குப் பயின்ற உடற்கல்வி ஆசிரியர்களே ஊர்தோறும் வலை கட்டினார்கள்.

ஆட்டத்தை நமக்கு அனுப்பிய நாடு, ஆட்டத்தைக் கல்லூரியின் மதிலுக்குள் வைத்துக்கொண்டு அடைந்த பயன் யாது, கொடுத்த விலை யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். அந்நாட்டின் நூற்றைம்பது ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்க்கையில் ஒன்று தெரிகிறது. பயனும் விலையும் ஒருவர் பெயரிலேயே எழுதப்படுவதில்லை. பயனை ஒருவர் பெற, விலையை வேறொருவர் செலுத்துகிறார்.

தோற்றம்

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதற்போட்டி படகுப்போட்டி. ஹார்வர்டு, யேல் ஆகிய இரு கல்லூரி மாணவர்களும் 1852ஆம் ஆண்டு நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஏரி ஒன்றில் துடுப்புப் போட்டனர். அவர்களை அங்கு அழைத்துச் சென்று செலவை ஏற்றது ஓர் இரயில் நிறுவனம். அவ்வேரிக்குப் புதிதாகப் பாதை போட்ட நிறுவனத்திற்கு மக்கள் கூட்டம் வேண்டியிருந்தது. மாணவர்க்கோ ஒரு விடுமுறை வேண்டியிருந்தது. கல்லூரி விளையாட்டு வணிகத்தால் பின்னாளில் கெட்டது என்று கூறுவோர் பலர். தொட்டிலிலேயே வணிகம் உடனிருந்தது என்பதே வரலாறு.

1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் கால்பந்தில் மோதின. ரட்கர்ஸ் ஆறுக்கு நான்கு என வென்றது. அதிலிருந்து வளர்ந்ததே அமெரிக்கக் கால்பந்து. இதனை நாம் அறிந்த கால்பந்து எனக் கருதலாகாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட, எதிரணியினர் மேலே விழுந்து அமுக்கும் ஆட்டம் இது. 1905ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாட்டத்தில் பதினெட்டு இளைஞர்கள் உயிரிழந்ததாக அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கல்லூரிகளின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசவேண்டிய நிலை உண்டாயிற்று. 1906இல் விதிகள் திருத்தப்பட்டன. கல்லூரிகள் கூடி ஒரு சங்கமும் அமைத்தன. அச்சங்கமே 1910 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்னும் பெயர் பெற்றது. அங்குள்ளோர் அதனை என்.சி.ஏ.ஏ. என்பர். மாணவன் உயிரைக் காக்கப் பிறந்த சங்கம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

ஒரு தொகைச்சொல்

இலக்கண வகுப்பில் தொகைநிலைத் தொடர்களை விளக்கும்போது, மறைந்து நிற்கும் உருபை விரித்துக் காட்டினாலன்றிப் பொருள் விளங்காது என்று மாணவர்க்குச் சொல்வோம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் வரலாறு முழுவதும் அத்தகைய ஒரு தொகைச்சொல்லில் அடங்கிக் கிடக்கிறது. அவர்கள் வழங்கும் சொல்லைத் தமிழாக்கினால் 'மாணவ ஆட்டக்காரர்' என வரும்.

இச்சொல் பிறந்த கதை கேட்கத்தக்கது. 1955ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்துச் சிறு கல்லூரி ஒன்றின் அணியில் ஆடிய இளைஞர் ஒருவர் ஆட்டத்தின்போது தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி உதவி கோரினார். ஆலையில் இயந்திரத்தில் சிக்கி இறந்தவன் குடும்பத்திற்குக் கிடைப்பது, கல்லூரிக்காக ஆடி இறந்தவன் குடும்பத்திற்கும் கிடைக்கவேண்டும் என்பது அவர் வழக்கு. கால்பந்து ஆடுவது கல்லூரியின் தொழிலன்று என்று கூறி, 1957இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. இத்தகைய வழக்குகள் பெருகினால் கல்லூரிகள் நிலைகுலையும் என அஞ்சிய சங்கம் அவ்வாண்டுகளில் இச்சொல்லை உருவாக்கி, அறிக்கையிலும் விதிநூலிலும் இதனையே வழங்குமாறு செய்தது. 1951 முதல் 1987 வரை சங்கத்தின் தலைமை அலுவலராக இருந்த வால்டர் பையர்ஸ் ஓய்வு பெற்றபின், 1995இல் வெளியிட்ட நூலில் இதனை மறைக்காமல் எழுதினார். தாம் கட்டிய அமைப்பையே அந்நூலில் அவர் கண்டித்திருப்பது வியப்புக்குரியது. ஓய்வுக்குப் பின் வரும் உண்மை எந்நாட்டிலும் அரிதன்று போலும்.

இனி இத்தொகையை விரித்துப் பார்ப்போம். உம்மைத்தொகையாயின் 'மாணவரும் ஆட்டக்காரரும்' என விரியும். இரண்டும் ஒரே நிறை. இருபெயரொட்டாயின் 'மாணவர் ஆகிய ஆட்டக்காரர்' என விரியும். மாணவர் என்பது சிறப்புப்பெயராய் நிற்க, ஆட்டக்காரர் என்பதே பொதுப்பெயராகும். விளம்பரத்தாளில் சங்கம் முதல் விரியைக் காட்டியது. ஆடுகளத்தில் பயிற்சியாளர் இரண்டாவதை மேற்கொண்டார். காயம்பட்டவன் இழப்பீடு கேட்டு வரும்போது மட்டும் 'ஆட்டக்காரர்' என்னும் பிற்பகுதி உதிர்ந்து, 'மாணவர்' என்பது தனித்து நின்றது.

பயன்

குறைகூறுமுன் பயனை நேர்மையாக மதிப்பிடவேண்டும். பயன் சிறிதன்று.

1972ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. ஒன்பதாம் பிரிவு என அழைக்கப்படும் அது, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் வேற்றுமை காட்டலாகாது என்றது. விளையாட்டு என்னும் சொல்லே அப்பிரிவில் இல்லை. ஆயினும் அதன் பெரும்பயன் ஆடுகளத்தில் விளைந்தது. அதற்கு முன்னர்க் கல்லூரி அணிகளில் ஆடிய பெண்கள் ஏறத்தாழ 30,000 பேர். இன்று இரண்டு இலட்சத்திற்கும் மேல். ஒலிம்பிக் போட்டிகளில் பதக்கமேடை ஏறும் அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோர் இவ்வாயிலால் வந்தவர்கள். பெண் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பவே ஒரு தலைமுறை தயங்கிய நம் சமுதாயப் பெரியோர்கள் இக்கணக்கைச் சற்று நின்று நோக்கலாம்.

கூடைப்பந்து உலகில் கரீம் அப்துல் ஜப்பாரை அறியாதார் இலர். 1965 முதல் 1969 வரை லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லூ அல்சிண்டர் என்னும் தம் இயற்பெயருடன் அவர் பயின்றார். மாணவராக இருந்தபோதே 1968இல் இஸ்லாத்தைத் தழுவினார். அவர் ஆடிய மூன்றாண்டும் அப்பல்கலைக்கழகம் தேசியக் கோப்பையை வென்றது. ஏழடிக்கு மேல் உயர்ந்த அவர் பந்தை வளையத்திற்குள் மேலிருந்து அறைவதைத் தடுக்க வழியின்றி, 1967இல் கல்லூரிப் போட்டிகளில் அவ்வாறு அறைவதையே விதியால் தடைசெய்தனர்! இவை யாவும் செய்தித்தாள் அறிந்தவை. அவர் வரலாற்றுப் பாடத்தில் முறையாகப் பட்டம் பெற்றார் என்பதும், பின்னாளில் கறுப்பின மக்களின் வரலாற்றைப் பற்றி நூல்கள் எழுதினார் என்பதும் அத்துணைப் பேர் அறியாதவை. அவருடைய பயிற்சியாளர் ஜான் வுடன், முன்னர்ப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துத் தேசியக் கோப்பைகளை வென்று 1975இல் ஓய்வு பெற்ற அப்பெருமகனார், ஆண்டுக்கு 35,000 டாலருக்கு மேல் ஊதியம் பெற்றதில்லை என்பர். 'மாணவரும் ஆட்டக்காரரும்' என்னும் உம்மை பொய்யில்லாமல் நின்ற இடமும் உண்டு என்பதற்கு இவ்விருவர் சான்று.

ஆயின் இதே பயனுக்குள் விலை ஒளிந்திருப்பதையும் காணலாம். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஜெசி ஓவன்ஸ் 1935ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், நாற்பத்தைந்து நிமிடத்திற்குள் மூன்று உலகச் சாதனைகளை முறியடித்து, நான்காவது ஒன்றைச் சமன்செய்தார். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றார். தன் பெயரை உலகறியச் செய்த அம்மாணவருக்கு அப்பல்கலைக்கழகம் விளையாட்டு உதவித்தொகை எதுவும் தரவில்லை. கறுப்பர் என்பதால் வளாக விடுதியில் தங்கவும் இடமில்லை. மின்தூக்கி இயக்கி அவர் படித்தார். படிப்பை முடிக்க இயலவில்லை. ஒலிம்பிக் வீரர் வயிற்றுப்பாட்டுக்காகக் குதிரையோடு ஓட்டப்பந்தயம் ஓடினார். 1972இல் அதே பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. முப்பத்தாறு ஆண்டுகள் பிந்தி வந்த பட்டம்.

கணக்கேடு

1929ஆம் ஆண்டு கார்னகி அறநிறுவனம் 112 கல்லூரிகளின் விளையாட்டுத் துறைகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, ஆட்டக்காரர்களை ஆசைகாட்டி அழைத்து மறைமுகமாகப் பணமோ வேலையோ கொடுத்துவந்தன எனக் கண்டது. அறிக்கை நூலகத்திற்குச் சென்றது, ஆட்டம் தொடர்ந்தது. மறைவாகக் கொடுத்ததை 1956இல் விளையாட்டு உதவித்தொகை என்று வெளிப்படையாக்கினர். 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொலைக்காட்சி உரிமையைச் சங்கம் தன் கையிலேயே அடைத்து வைத்திருத்தல் கூடாது எனத் தீர்ப்பளித்ததும், கால்பந்துப் பணம் மடைதிறந்த வெள்ளமாயிற்று. கூடைப்பந்தின் தேசியப் போட்டியை ஒளிபரப்பச் சங்கம் 2010இல் செய்துகொண்ட உடன்பாடு பதினான்கு ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர்.

இவ்வளவு பணம் வந்தால் கல்லூரிகள் செழித்திருக்கவேண்டும் அன்றோ? இல்லை. அச்சங்கத்தில் ஏறத்தாழ 1,100 கல்லூரிகள் உறுப்பினராக உள்ளன. 2019ஆம் ஆண்டில் விளையாட்டுத் துறையின் வரவு செலவை விஞ்சியது அவற்றுள் இருபத்தைந்தில் மட்டுமே எனச் சங்கமே தெரிவித்தது. ஏனையவை பொதுநிதியிலிருந்தும், ஆடாத மாணவர்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்தும் ஈடுகட்டின. வர்ஜீனியா மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் விளையாட்டுக்கென மாணவர் ஒவ்வொருவரும் செலுத்தும் கட்டணம் ஆண்டுக்கு ஆயிரம் டாலரைக் கடந்ததுண்டு. வேதியியல் படிக்கும் பெண், கடன் வாங்கிக் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு, அவள் ஒருமுறையும் பார்த்திராத ஆட்டத்திற்குச் செல்கிறது. முதற் கால்பந்தில் வென்றதாக மேலே கண்ட ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் அண்மை ஆண்டுகளில் விளையாட்டுத் துறையில் பல கோடி டாலர் பற்றாக்குறையைத் தாங்கிவருகிறது.

பணம் எங்கே சென்றது? ஒரு பகுதி அரங்கங்களுக்குச் சென்றது. இன்னொரு பகுதி பயிற்சியாளர்க்குச் சென்றது. ஐம்பது மாநிலங்களுள் ஏறத்தாழ நாற்பதில் அரசிடம் மிகுதியான ஊதியம் பெறுபவர், ஆளுநரோ பல்கலைக்கழகத் தலைவரோ அல்லர். கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளரே. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்சியாளரை இடையிலே நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல். வேலை செய்யாதிருப்பதற்கான ஊதியம் அது. ஜான் வுடனின் 35,000 டாலரை அருகில் வைத்துப் பார்க்க.

இனி ஆட்டக்காரர் கொடுத்த விலை. முதலாவது உடல். 2017ஆம் ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறந்த பின் குடும்பத்தார் கொடையாக அளித்த கால்பந்து வீரர்களின் மூளைகளை ஆராய்ந்தனர். கல்லூரி அளவோடு ஆட்டத்தை நிறுத்திய 53 பேரில் 48 பேருக்குத் தொடர்ந்த மோதலால் விளையும் மூளைச்சிதைவு நோய் காணப்பட்டது. நோயை முன்னரே ஐயுற்ற குடும்பங்களே பெரும்பாலும் கொடை அளித்திருக்கும். ஆதலின் எல்லா வீரர்க்கும் இவ்விகிதம் பொருந்தாது. பொருந்தாவிடினும் 48 என்பது எளிதில் கடந்துபோகும் எண்ணன்று. உயிர்காக்கப் பிறந்த சங்கம் என்று முன்னர்க் குறித்தது இங்குத்தான் நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது கல்வி. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை, வகுப்பே நடவாத பாடங்கள் இருந்தன. ஒரு கட்டுரை எழுதித் தந்தால் உயர்ந்த மதிப்பெண். பல கட்டுரைகளை ஆசிரியர் எவரும் படித்ததில்லை. துறை அலுவலகத்தில் பணியாற்றியவரே மதிப்பெண் இட்டார். 2014இல் வெளியான விசாரணை அறிக்கை, மூவாயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் இவ்வாறு மதிப்பெண் பெற்றதாகவும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள் என்றும் கூறியது. 2017இல் சங்கம் இதற்குத் தண்டனை வழங்க இயலாது என்றது. வீரரல்லாத மாணவர்களும் அப்பாடங்களைப் படித்திருந்ததால், இது வீரர்க்கென அளித்த தனிச்சலுகை ஆகாதாம்! பொய்யை எல்லார்க்கும் பொதுவாக்கினால் குற்றம் நீங்கும் என்பது புதிய நீதி.

மூன்றாவதைச் சொல்லுமுன் என் நினைவில் உள்ள ஒன்றைச் சொல்லவேண்டும். உதவித்தொகை நான்காண்டுக்கும் உறுதி என்னும் நிலையை 1973இல் சங்கம் மாற்றி, ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டியதாக ஆக்கியது. பயிற்சியாளர் விரும்பினால் புதுப்பிப்பார். காயம்பட்டவனைப் புதுப்பிக்காமலும் விடலாம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தே பல்லாண்டு உறுதி தரும் வழி மீண்டும் திறந்தது. இவ்விதியைப் பற்றிப் படித்தபோது, முன்னர் நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில் என் வகுப்பிலிருந்த மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். கடற்கரை ஊர்ப் பையன். கைப்பந்தில் வலையோரம் நின்று அடிப்பதில் வல்லவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன்; கட்டணமும் விடுதிச் செலவும் விலக்கு. இரண்டாம் ஆண்டில் ஒரு போட்டியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் அணிப்பட்டியலில் அவன் பெயரில்லை. கட்டண விலக்குப் பட்டியலிலும் இல்லை. எவரும் அவனை வெளியேற்றவில்லை. அவனாகவே வராமல் நின்றுவிட்டான். இரண்டாண்டும் அவன் வாராத நாட்களுக்கெல்லாம் வருகை குறித்த நான், உண்மையாகவே வாராது போனபின் 'வரவில்லை' என்று எழுதி, பத்து நாள் கழித்துப் பெயரை அடித்தேன். ஏன் வரவில்லை என்று ஆள்விட்டுக் கேட்கும் எண்ணம் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இதுவே மூன்றாவது விலை. சங்கத்தின் கல்லூரிகளில் ஆடும் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டவர்களில் தொழில்முறை ஆட்டத்திற்குச் செல்வோர் நூற்றுக்கு இருவரினும் குறைவு. மற்றையோர்க்குக் கையில் நிற்கவேண்டியது பட்டம். அதுவும் இல்லையாயின் அவர்கள் எதற்கு விலை கொடுத்தார்கள்?

நிறுத்தியவர்கள், மாற்றியவர்கள்

சிகாகோப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் கால்பந்தில் பேர்பெற்றது. நாட்டின் சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரர்க்கு இன்றும் வழங்கப்படும் ஹெய்ஸ்மன் விருதை 1935இல் முதன்முதற் பெற்றவர் அப்பல்கலைக்கழக மாணவரே. ஆயினும் அதன் தலைவர் இராபர்ட் ஹட்சின்ஸ், பல்கலைக்கழகத்திற்கும் இவ்வாட்டத்திற்கும் தொடர்பில்லை என்று கருதி, 1939 இறுதியில் கால்பந்து அணியையே கலைத்துவிட்டார். பழைய மாணவர்கள் கொதித்தனர். வெறுமையான அவ்வரங்கின் மேற்குப் பகுதி இருக்கைகளுக்கடியில் 1942 டிசம்பர் 2ஆம் நாள் என்ரிகோ பெர்மியின் குழுவினர், உலகிலேயே முதன்முறையாகக் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தினர். பின்னர் அரங்கு இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று நிற்பது பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம். சிகாகோ விளையாட்டை வெறுத்ததாக இதனைக் கொள்ளலாகாது. 1969இல் கால்பந்து மீண்டும் வந்தது. உதவித்தொகை இல்லாமல், பெருங்கூட்டம் இல்லாமல். சங்கத்தின் மூன்றாம் பிரிவிலுள்ள நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இவ்வாறே ஆடுகின்றன. எம்.ஐ.டி. என நாமறிந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் அவற்றுள் ஒன்று. அங்கு முப்பதுக்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. ஆட்டத்திற்காக எவரும் அங்குப் பணம் பெறுவதில்லை. ஆட்டம் நின்றால் படிப்பு நிற்பதும் இல்லை.

அட்லாண்டா நகரின் ஸ்பெல்மன் கல்லூரி எடுத்த முடிவு நம் சிந்தனைக்கு இன்னும் அருகில் உள்ளது. கறுப்பினப் பெண்களுக்கென அமைந்த பழம்பெரும் கல்லூரி அது. மாணவியர் ஏறத்தாழ 2,100. போட்டி அணிகளில் ஆடியவர்கள் எண்பதின்மர். அவ்வெண்பதின்மர்க்கு ஆண்டுச் செலவு பத்து இலட்சம் டாலரை நெருங்கியது. அப்போதைய தலைவர் பெவர்லி டேனியல் டேட்டம் அம்மையார் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இப்பெண்களுள் ஒருவரும் படிப்பு முடிந்தபின் இவ்வாட்டத்தை ஆடப்போவதில்லையே என்று எண்ணினாராம். மறுபுறம், தம் சமூகத்துப் பெண்களிடையே நீரிழிவும் இரத்த அழுத்தமும் பெருகுவதை அவர் கண்டார். 2012இல் அக்கல்லூரி, சங்கப் போட்டிகளிலிருந்து விலகுவதாக அறிவித்து, அப்பணத்தை எல்லா மாணவியர்க்குமான உடற்பயிற்சிக்குத் திருப்பியது. எண்பதின்மர் இழந்தனர் என்பது மெய். அவர்களுள் சிலர் கண்ணீர் விட்டிருப்பர். இம்முடிவில் எனக்கு முழு உடன்பாடு உண்டெனச் சொல்லத் துணியேன். வென்று வந்த அணியைப் பார்த்து ஒரு கல்லூரி முழுவதும் எழுந்து நின்று கைதட்டும் அந்த ஒரு மாலைக்கு ஈடாக எதையும் வைக்க முடிவதில்லை. அலபாமாப் பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகம் 2014 டிசம்பரில் செலவைக் காட்டிக் கால்பந்தை நிறுத்தியபோது, ஊர் மக்களே பணம் திரட்டி ஆறே மாதத்தில் முடிவை மாற்றச் செய்தனர். ஊருக்கு அவ்வணி வேண்டியிருந்தது. செலவையும் ஊரே ஏற்றது. அது ஒருவகையில் நேர்மையான கணக்கு.

அண்மைக்காலத்தில் அத்தொகைச்சொல்லே ஆட்டங்கண்டுவிட்டது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்வி சார்ந்து வீரர்க்கு அளிக்கும் பயன்களுக்குச் சங்கம் வரம்பு கட்டுதல் கூடாது என ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அடுத்த மாதமே வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்கு அளித்துப் பணம் பெறச் சங்கம் வழிவிட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, முன்னாள் வீரர்க்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் வழங்கப்பட வேண்டும். கல்லூரிகளும் நேரடியாக வீரர்க்குப் பணம் தரலாம். 2025-26ஆம் ஆண்டிற்கு ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு 2 கோடியே 5 இலட்சம் டாலர். நெடுங்காலம் மறுக்கப்பட்டது கிடைத்தது என்று மகிழலாம். ஆனால் அப்பணத்தின் பெரும்பகுதி கால்பந்து, கூடைப்பந்து ஆடும் ஆண்களையே சேரும் எனத் தெரிகிறது. செலவைச் சமாளிக்கச் சில கல்லூரிகள் நீச்சல், டென்னிஸ் அணிகளைக் கலைக்கத் தொடங்கிவிட்டன. விலை செலுத்துபவர் மாறியிருக்கிறார், கணக்கு முடியவில்லை.

நம் கல்லூரிகளில் கோடிகள் இல்லை. தொலைக்காட்சி ஒப்பந்தம் இல்லை. ஒரு வலை, இரண்டு பந்து, ஓர் உடற்கல்வி இயக்குநர், மூன்று ஓ.டி. தாள்கள். இருந்தும் அத்தாளில் கையொப்பமிடும்போது நானும் அந்தத் தொகையை ஏதோ ஒருவகையில் விரித்துவிடுகிறேன். ஆதலால் இப்பருவம் உடற்கல்வி இயக்குநரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். போட்டிக்குச் சென்று திரும்பியவர்கள், விட்டுப்போன பாடத்திற்காகக் காலை எட்டு மணிக்குத் துறைக்கு வரவேண்டும். அதுவரை வருகை பென்சிலால் மட்டுமே குறிக்கப்படும். மூவரில் இருவர் வருகின்றனர். வேற்றுமை முடித்துத் தொகைநிலையில் நிற்கிறோம். மூன்றாமவன் இன்னும் வரவில்லை. கணுக்காலில் கட்டுப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். நாளை மாலை திடலுக்குச் சென்று அவனைப் பார்த்து வரவேண்டும்.